நாசிலா, பேரிங்கா?

எங்கள் வீட்டில் இருப்பது 2006 மாடல் டீசல் ஜீப். தோட்டத்துக்கும் காங்கேயத்துக் கொப்பரைக் களத்துக்கும் ஓடியே பாதி ஆயுசு போய்விட்டது. பழைய டீசல் என்றால் சத்தம் இருக்கத்தான் செய்யும். ஆனால் போன மார்கழியில் கேட்க ஆரம்பித்தது புதுச் சத்தம். காலையில் ஸ்டார்ட் செய்ததும் இரும்பில் இரும்பு இடிக்கிற மாதிரி டங், டங். கூடவே வெள்ளைப் புகை. ஊதியூர் பக்கம் லோடோடு போகும்போது அதுவே கறுப்புப் புகை.

முதலில் காட்டிய பட்டறையில் பானெட்டைத் தூக்கி, நின்ற இடத்திலிருந்தே கேட்டுவிட்டு, "ராடு பேரிங் போச்சுங்க, இன்ஜினை இறக்கோணும்" என்றார்கள். ஸ்பேனரைக்கூடக் கையில் எடுக்கவில்லை. எனக்கு மனசு ஒப்பவில்லை. ராடு பேரிங் என்பது பிஸ்டன் ராடு கிராங்க்கோடு சேரும் இடத்தில் இருப்பது. அது தேய்ந்திருந்தால் இன்ஜின் சூடாகி ஆயில் இளகியதும் சத்தம் கூடும், ஆக்ஸிலேட்டரை மிதிக்காமல் ஐடிலில் ஓடும்போது ஆயில் லைட்டும் மினுக்கும். எங்கள் வண்டியிலோ சூடானதும் சத்தம் குறைந்தது. ஆயில் லைட் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அப்புறம் தாராபுரம் ரோட்டில், பழைய டீசல் வண்டிகளையே பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு மெக்கானிக்கிடம் போனேன். "ஏனுங்ணா, பேரிங்குன்னு சொல்றாங்களே" என்றேன். "இன்ஜினை எப்ப வேணாலும் எறக்கிக்கலாம் தம்பி. மொதல்ல பெல்ட்டைக் கழட்டுவோம்" என்றார்.

பெல்ட்டைக் கழற்றி ஒரு நிமிஷம் மட்டும் ஓடவிட்டார். வாட்டர் பம்ப் சுற்றாததால் அதற்கு மேல் ஓட்டக் கூடாது. சத்தம் அப்படியே இருந்தது. பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர், அதன் பின்னால் பிரேக்குக்கு உதவும் வேக்கம் பம்ப், வாட்டர் பம்ப் மூன்றின் மேலும் இருந்த சந்தேகம் தீர்ந்தது.

பெல்ட்டை மாட்டிவிட்டு, ஐடிலில் ஓடும்போதே சிலிண்டருக்குள் டீசலைத் தூவும் நாசிலுக்குப் போகும் பைப் நட்டை ஒவ்வொன்றாக 17 ஸ்பேனரால் லேசாகத் தளர்த்தினார். தளர்த்திய சிலிண்டருக்கு டீசல் போகாது, அது வேலை செய்யாது. ஒன்று, இரண்டு: இன்ஜின் குலுங்கியது, டங் டங் போகவில்லை. மூன்றாவதைத் தளர்த்தியதும் சத்தம் சுத்தமாக நின்றது. நட்டின் மேல் துணியைப் போட்டுக்கொண்டுதான் செய்தார். அந்த அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். எல்லா நாசிலுக்கும் ஒரே அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் காமன் ரெயில் வண்டியில் இந்த வேலையை நினைக்கவே கூடாது, அங்கே அழுத்தம் ஆயிரம் பாரைத் தாண்டும்.

இதோடு முடிவு கட்டிவிட முடியாது. டீசலை நிறுத்தினால் அந்த சிலிண்டரில் வெடிப்பு இல்லை, ராடு மேல் பாரமும் இல்லை. அதனால் பேரிங் சத்தமாக இருந்தாலும் அடங்கும். கோளாறு மூன்றாவது சிலிண்டரில் என்பது மட்டும்தான் உறுதி.

அடுத்து அவர் செய்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. நான்கு நாசிலையும் கழற்றி, மூன்றாவதை முதல் சிலிண்டரிலும் முதலாவதை மூன்றிலும் மாற்றிப் போட்டார், புதுச் செம்பு வாஷரோடு. கழற்றும்போதே வித்தியாசம் தெரிந்தது. மற்ற மூன்றின் முனையும் காய்ந்து பழுப்பாக இருக்க, இது மட்டும் ஈரமாக, கரி அப்பிக் கிடந்தது. திரும்ப ஸ்டார்ட் செய்து நட்டைத் தளர்த்திப் பார்த்தால், இப்போது முதல் சிலிண்டரை நிறுத்தினால்தான் சத்தம் நிற்கிறது. நாசிலோடு சத்தமும் இடம் மாறிவிட்டது. பேரிங்காக இருந்தால் அது மூன்றாவதை விட்டு எங்கே போகும்?

நாசில்களை டீசல் பம்ப் சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோனோம். கைநெம்பு டெஸ்டரில் மாட்டி அழுத்தினார்கள். மூன்று நாசில் 'க்ர்ர்' என்று அதிர்ந்து புகைபோலத் தூவின. கரி அப்பிக் கிடந்த அந்த ஒன்று மட்டும் எங்கள் தோட்டத்துச் சொட்டுநீர்க் குழாய் மாதிரி ஒழுகியது. தூவாமல் ஒழுகிய டீசல் சேர்ந்து ஒரேயடியாகப் பற்றுவதால்தான் அந்த இடி. ஃபில்டரில் தண்ணீரும் நின்றிருந்தது. நாசில் முனை கெட இது ஒன்றே போதும் என்றார் கடைக்காரர்.

நான்குக்கும் புது முனை போட்டு, அழுத்தம் சரிபார்த்து, ஃபில்டரையும் மாற்றினோம். இன்ஜின் வேலைக்குச் சொன்ன தொகையில் கால்வாசிகூட ஆகவில்லை. டங் டங் இல்லை, காலைப் புகையும் இல்லை. வால்வு இடைவெளியால் வரும் டாப்பெட் சத்தம் மட்டும் லேசாகக் கேட்கிறது. அதை அடுத்த ஆயில் சர்வீஸில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறேன்.