நல்ல நாளில்தான் ஜாக்கிரதை

கீழ்முதுகில் எல்4, எல்5 என்கிற இரண்டு எலும்புகளுக்கு நடுவில் இருக்கும் வட்டு (டிஸ்க்) பிதுங்கியிருக்கிறது என்று எம்ஆர்ஐ அறிக்கை வந்த நாளிலிருந்து எனக்குக் குனியவே பயம். மும்பையில் செம்பூரிலிருந்து சிஎஸ்எம்டி ஸ்டேஷன் வரை ஹார்பர் லைன் லோக்கல் ரயிலில் நின்றபடியே ஆபீஸ் போகிற உடம்பு. இரண்டு வருஷம், மூன்று டாக்டர்கள், ஒரு பெல்ட், கணக்கில்லாத வலி மாத்திரைகள். வயிறு புண்ணானதுதான் மிச்சம்.

அப்புறம்தான் ஒரு வலி சிகிச்சைப் பிரிவுக்குப் போனேன். அந்த டாக்டர் காலில் பலம் இருக்கிறதா, மரத்துப்போகிறதா, சிறுநீர் கட்டுப்பாட்டில் இருக்கிறதா என்று முதலில் பார்த்தார். பத்துக்கு எவ்வளவு வலி என்றார். ஏழு என்றேன். "சரி, வலியால எதையெல்லாம் விட்டுட்டீங்க?" அதை யாரும் கேட்டதில்லை. கோலம், மாட்டுங்கா மார்க்கெட், மகளைத் தூக்குவது, ராத்திரித் தூக்கம் என்று சொல்லிக்கொண்டே போனேன்.

முதுகுவலியே இல்லாத ஐம்பது வயதுக்காரர்களிலும் பாதிப் பேருக்கு மேல் எம்ஆர்ஐயில் வட்டுப் பிதுக்கம் தெரியுமாம். மூன்று மாதம் தாண்டி நீடிக்கும் வலியில், காயம் ஆறிய பிறகும் நரம்பு மண்டலம் வலியைப் பெருக்கிக் காட்டலாம் என்றார். விரலை எடுத்த பிறகும் அடித்துக்கொண்டே இருக்கிற காலிங் பெல் மாதிரி என்று புரிந்துகொண்டேன்.

ராத்திரிக்கு அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம் எழுதினார். மருந்துக்கடைக்காரர் 'டிப்ரஷன் மாத்திரை' என்றதும் சுருக்கென்றது. எல்லாம் மனப்பிரமை என்கிறாரோ? அடுத்த முறை சண்டைக்கே போனேன். மனச்சோர்வுக்குத் தருவது இதைவிடப் பல மடங்கு, இந்தச் சின்ன அளவு வலியைக் கடத்தும் நரம்புகளை அடக்கத்தான் என்றார். வாய் வறண்டது, காலையில் தூக்கக் கலக்கம். ஆனாலும் தூங்கினேன்.

மாத்திரையைவிடக் கஷ்டம் நடைதான். தினமும் ஏழு நிமிஷம். வலி அதிகமானாலும் ஏழு, வலியே தெரியாவிட்டாலும் ஏழு. வாரம் ஒரு நிமிஷம் கூட்டலாம். என் தப்பு அங்கேதான் பிடிபட்டது. வலி குறைந்த ஞாயிற்றுக்கிழமை வீடு முழுக்கத் துடைத்துவிட்டு, புதன் வரை படுத்துக் கிடப்பேன். நல்ல நாளில் பாதியில் வேலையை நிறுத்துவதற்கு எனக்கு ஆறு மாதம் ஆயிற்று.

போன வாரம் அம்மா திருநெல்வேலியிலிருந்து போன் பண்ணி, "வலி போயிட்டாடி?" என்றாள்.

"நாலுக்கு இறங்கியிருக்கும்மா. வாசல்ல கோலம் போடுறேன்."

"எத்தனை புள்ளி?"

"அஞ்சுதான்."

முன்பெல்லாம் பதினைந்து போடுவேன்.