ஹஸ்த நட்சத்திரமும் சின்ன மாமாவின் போகஸ் லைட்டும்

பங்குனி அமாவாசையை ஒட்டிய இரவுகளில் ஏற்காட்டு வானம் எவ்வளவு கருத்திருந்தாலும், நாகலூர்த் தோட்டத்தில் சின்ன மாமாவின் போகஸ் லைட் எரிகிறவரை, வானத்தைப் படமெடுக்கும் எனக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. இரண்டு பங்குக்கும் நடுவே நிற்கும் சில்வர் ஓக் மரங்களில் ஏறிய மிளகுக்கொடி அவருக்கா, பெரிய மாமாவுக்கா என்ற வழக்கு தீராமல் அந்த விளக்கு அணையாது என்பது குடும்பம் அறிந்த செய்தி. துருவ நட்சத்திரம் நம் பக்கத்தில் அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 12 பாகை உயரத்திலேயே நின்றுவிடுவதால், அதையும் இதே மரங்கள் மறைத்துக்கொள்கின்றன. அதைக் குறியாக வைத்துத் தொலைநோக்கியின் அச்சைச் சரிசெய்வதற்குள் பாதி இரவு போய்விடுகிறது.

நான் குறிவைத்தது ஹஸ்தத்தை ஒட்டியிருக்கும் ஆன்டெனா விண்மீன்மண்டலங்கள் என்ற இரண்டு கேலக்ஸிகளை. 1785இல் வில்லியம் ஹெர்ஷல் கண்டுபிடித்த இந்த ஜோடி, பல கோடி ஒளியாண்டுத் தொலைவில் ஒன்றையொன்று இழுத்துப் பிணைந்து, நட்சத்திரங்களை இரு நீண்ட வால்களாக வெளியே எறிந்திருக்கிறது. அந்த வால்கள் மிகவும் மங்கலானவை என்பதால், ஐந்தைந்து நிமிடப் படங்களாக மணிக்கணக்கில் எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்தால்தான் தெரியும். சேலத்து வெளிச்சம் தெற்கு அடிவானத்தோடு நின்றுவிடுகிறது. சின்ன மாமாவின் வெளிச்சம் அப்படி நிற்பதில்லை.

துணைக்கு வந்த அம்மாவுக்கு ஹஸ்த நட்சத்திரம். தன் நட்சத்திரத்திலேயே மோதலா என்று கலங்கியவரிடம், நட்சத்திரங்களுக்கிடையே இடைவெளி மிக அதிகம், அவை முட்டிக்கொள்வதில்லை, வாயு மேகங்கள்தாம் மோதிப் புது நட்சத்திரங்களைப் பிறப்பிக்கின்றன என்று விளக்கினேன். "உன் மாமன்களுக்கு அது தேவலை" என்றார். அந்த வால்கள் எப்படி உருவாயின என்று 1972இல் கணினியில் கணக்குப் போட்டுக் காட்டிய ஆலார் டூம்ரே, யூரி டூம்ரே இருவரும் அண்ணன் தம்பி என்றேன். கூடப்பிறந்தவர்களா, பங்காளிகளா என்று அம்மா மறுபடி கேட்டு உறுதிசெய்துகொண்டார்.

பேச்சுக்குரல் கேட்டு, மிளகுத் திருடனை எதிர்பார்த்து டார்ச்சோடு வந்த சின்ன மாமா, மடிக்கணினித் திரையில் ஒட்டிக்கிடந்த இரண்டு மங்கல் திட்டுகளை வெகுநேரம் குனிந்து பார்த்தார்.

"இதில் யார் எல்லைக்குள் யார் நுழைந்தது, மாப்பிள்ளை?"

இரண்டுமே ஒன்றையொன்று இழுத்தன என்ற பதில் அவருக்குப் பிடிக்கவில்லை. வக்கீலும் அப்படித்தான் பேசுகிறாராம்.

"பிள்ளை இத்தனை நேரமாகக் குளிரில் நிற்கிறான், அந்த விளக்கைக் கொஞ்சம் அணையேன் தம்பி" என்று அம்மா சொன்னதும், வழக்கு தொடங்கிய நாளிலிருந்து யார் சொல்லியும் கேட்காத மனிதர், மறுபேச்சின்றிப் போய் அணைத்துவிட்டு வந்தார். படம் ஓடத் தொடங்கியது. ஐந்து நிமிடம் முடிவதற்குள், தம்பி பக்கம் திடீரென்று இருட்டியதில் ஏதோ சூது இருக்கிறது என்று முடிவுசெய்த பெரிய மாமா, நாங்கள் யாரும் அதுவரை பார்த்திராத இரட்டை போகஸ் லைட்டைத் தம் மொட்டைமாடியிலிருந்து போட்டார். படம் முழுவதும் வெளுத்துவிட்டது. அந்த வெளிச்சத்தில் வழக்குக்குரிய மிளகுக்கொடியை முதன்முறையாக அடிமுதல் நுனிவரை பார்த்த அம்மா, காய்ப்பு ஒன்றும் சொல்லிக்கொள்கிறபடி இல்லையே என்றார்.