அகல வட்டமும் என் சாணும்

‘அகல வட்டம் பகல் மழை’ என்ற பழமொழியைச் சோதிக்க இரண்டு மாதமாக எழுதிவந்த குறிப்பேட்டுப் பக்கங்களை நேற்று முழுவதுமாக அடித்துவிட்டேன். நிலவைச் சுற்றித் தெரிந்த வட்டங்களையெல்லாம் ஒரே கணக்கில் சேர்த்திருந்ததுதான் பிழை. நிலவை ஒட்டிச் செம்பழுப்பு ஓரத்துடன் தெரியும் சிறு வளையம் மெல்லிய மேகத்தின் நீர்த்துளிகளால் உண்டாவது. பழமொழி சொல்லும் வட்டமோ, மிக உயரத்தில் வெண்திரைபோல் படரும் மேகத்தின் அறுகோணப் பனிப்படிகங்கள் ஒளியை வளைப்பதால் நிலவிலிருந்து 22 பாகை தள்ளி நிற்பது.

அந்த 22 பாகையை அளப்பதில்தான் பாடாய்ப் பட்டேன். முதலில் வாங்கிய பிளாஸ்டிக் பாகைமானி ஓரம் நெளிந்திருந்தது. நெளியாமல் இருந்திருந்தாலும் இருட்டில் அதன் கோடுகளை யார் படிப்பது? கடைசியில் கைச்சாணே போதும் என்று முடிவு செய்தேன். ஆனால் சாண் ஆளுக்கு ஆள் மாறுவதாலும், முழங்கை சற்றே மடங்கினாலும் வானத்தில் கூடுதல் இடத்தை மறைப்பதாலும், அதை முதலில் விண்மீன்களோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க வேண்டியிருந்தது. ஓரியன் கூட்டத்தில் திருவாதிரைக்கும் ரைகலுக்கும் இடையே ஏறத்தாழ 19 பாகை. கையை முழுக்க நீட்டி வைத்தபோது என் சாண் அதைவிட அரை விரல் மிஞ்சியது. ஆகவே நிலவின்மேல் பெருவிரல் நுனியை வைத்தால், சுண்டுவிரலுக்கு அப்பால் ஒரு விரல் தள்ளி வட்டம் இருக்க வேண்டும். பெருவிரல் நிலவை மறைப்பதால் கண் கூசாமல், வட்டத்தின் உள்விளிம்புச் சிவப்பும் தெரிகிறது.

இப்படி அளக்கத் தொடங்கியபின் உண்மையான அகல வட்டம் மூன்று இரவுகள் அகப்பட்டது. மறுநாள் பொழுது சாய்வதற்குள் பெய்தால்தான் ‘பகல் மழை’ என்று வரையறுத்துக்கொண்டேன். இரண்டு முறை பெய்தது. பொய்த்த இரவில் தெரிந்த திரை, மாலையில் தொலைவில் இடித்து ஓய்ந்த மேகத்தின் உச்சி கலைந்து பரவியதாகவே தோன்றுகிறது. பெய்த இரண்டு இரவுகளிலோ வட்டம் மறையும் அளவுக்குத் திரை தடித்து, நிலவு சொரசொரப்பான கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதுபோல் மங்கியது. வட்டத்தைக் காட்டிலும் இந்தத் தடிப்பே நம்பத்தக்க அடையாளமோ என்று ஐயப்படுகிறேன்.

அந்தி ஈசலுக்கும் முட்டை தூக்கும் எறும்புக்கும் தனி ஏடு தைத்து வைத்தாகிவிட்டது. அதற்குள் இன்றிரவும் வட்டம் விழுந்திருக்கிறது: ஒரு சாண், ஒரு விரல், திரை இன்னும் தடிக்கவில்லை.