பின்னால் பிறந்தவர்தான் அண்ணன்

நைஜீரியாவில், லாகோஸின் இகேஜா பகுதியில் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தபோது, மாதக் கடைசியில் சம்பளப் பட்டியல் போடுவது என் பொறுப்பு. ஒரு மாதம் மென்பொருள் இரண்டு பேரைச் சிவப்பில் காட்டி நின்றுவிட்டது. ஒரே குடும்பப் பெயர், ஒரே பிறந்த தேதி, ஒரே முகவரி. பணியாளர் பிரிவு மேடம் எட்டிப் பார்த்தார். "முதல் பெயரைப் பாருங்கள். ஒருவர் டைவோ, இன்னொருவர் கெஹிண்டே. இரட்டைப் பிள்ளைகள், விடுங்கள்." கோப்பைக்கூடத் திறக்கவில்லை.

நைஜீரியாவின் தென்மேற்கில் வாழும் யொரூபா இன மக்களின் வீடுகளில் இரட்டையருக்குப் பெயர் தேட வேண்டியதில்லை. ஆணோ பெண்ணோ, முதலில் வருவது டைவோ, 'உலகை ருசி பார்க்க வந்தவர்'. அடுத்தது கெஹிண்டே, 'பின்னால் வந்தவர்'. ஆனால் மூத்தவர் கெஹிண்டேதான்! "நீ போய் உலகம் எப்படி இருக்கிறதென்று பார்" என்று மற்றதை அனுப்பிவிட்டு, அதன் அழுகை கேட்ட பிறகுதான் அவர் கிளம்புவாராம். எங்கள் டைவோ தன் அவசரத் தொடர்புப் படிவத்தில் கெஹிண்டேயை 'அண்ணன்' என்றே எழுதியிருந்தார். யாரும் திருத்தவில்லை. திருத்த அதில் ஒன்றும் இல்லை என்றுதான் எனக்கும் பட்டது.

அவர்களுக்கு அடுத்துப் பிறக்கும் பிள்ளை இடோவு, அதற்கடுத்தது அலாபா. இடோவு என்று ஒருவர் விண்ணப்பித்தால், அவருக்கு மேலே இரட்டையர் உண்டு என்று புரிந்துகொள்ளலாம். (குடும்பப் பெயராக இருந்தால் அது அப்பா, தாத்தா வழி வந்தது, கணக்கு மாறிவிடும்.) பிறக்கும்போதே கொண்டுவரும் இந்தப் பெயர்களை 'அமுடோருன்வா' என்பார்கள். கால் முதலில் வந்தால் இகே, முகம் குப்புறப் பிறந்தால் அஜாயி. சிறுவயதில் அடிமையாக விற்கப்பட்டு, மீட்கப்பட்டு, 1864இல் ஆங்கிலிக்கத் திருச்சபையின் முதல் ஆப்பிரிக்க ஆயரான சாமுவேல் அஜாயி கிரௌதர், ஞானஸ்நானத்தில் ஆங்கிலப் பெயர் கிடைத்த பிறகும் அந்த அஜாயியை விடவில்லை.

இரட்டையருக்கென்று பெயர் ஒதுக்கி வைத்ததில் ஆச்சரியமில்லை. உலகிலேயே இரட்டைப் பேறு மிக அதிகமுள்ள மக்களில் யொரூபாக்களும் உண்டு. ஓயோ மாநிலத்து இக்போ-ஓரா ஊர் இதற்கென்றே பேர்போனது. வெண்டை இலைக் குழம்புதான் காரணம் என்பது ஊர்ப்பேச்சு.

புதிதாக வரும் இந்திய அதிகாரிகள் பேச்சைத் தொடங்க, "உங்கள் பெயருக்கு என்ன அர்த்தம்?" என்று எல்லோரையும் கேட்பார்கள். அயோடெலே என்றால் சரி, 'மகிழ்ச்சி வீட்டுக்கு வந்தது' என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம். டுரோஜையே என்றால்? 'இருந்து வாழ்க்கையை அனுபவி'. கோக்குமோ, 'இனிச் சாகாது'. அடுத்தடுத்துக் குழந்தைகள் இறந்த வீட்டில், ஒரே குழந்தைதான் செத்துச் செத்துத் திரும்பப் பிறக்கிறது என்று நம்பினார்கள். அதுதான் அபிக்கு. அந்தக் குழந்தையிடம் பெயரே கெஞ்சும். சில சமயம் மிரட்டும். 1845 முதல் 1851 வரை லாகோஸை ஆண்ட மன்னர் கோசோகோ. 'மண்வெட்டி இல்லை' என்று பொருள், அதாவது குழி தோண்ட. 1993 ஜனாதிபதித் தேர்தலில் வென்றும் பதவி கிடைக்காத மோஷுத் அபியோலா, அப்பாவுக்கு 23ஆவது பிள்ளை. குழந்தைப் பருவத்தைத் தாண்டிய முதல் பிள்ளை. 1937இல் அவர் பிறந்தபோது வைத்த பெயர் கஷிமாவோ, 'பொறுத்திருந்து பார்ப்போம்'.

வேலையில் சேர்ந்த முதல் நாளே, பத்துப் பேர் நடுவில், ஒருவர் தன் வீட்டுச் சாவுகளைப் பற்றிப் பேச நேர்வது எனக்குச் சரியாகப் படவில்லை. மேடம் அந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை. "பெயர் வைத்தது யார்?" என்றுதான் கேட்பார். எட்டாம் நாள் தேன், உப்பு, தண்ணீர், கோலா கொட்டை எல்லாம் வைத்துப் பெயர் சூட்டும்போது அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி என்று ஆளுக்கொரு பெயர் வைப்பது அங்கே வழக்கம். அதனால் பேச்சு பாட்டியைப் பற்றியோ ஊரைப் பற்றியோ போகும். அர்த்தத்தைச் சொல்ல நினைத்தவர்கள் அவர்களாகவே சொன்னார்கள். எங்கள் மென்பொருளில் பெயருக்கு மூன்று கட்டங்கள்தான். எந்த மூன்றைப் போடுவது என்பதையும் மேடம் அவர்களிடமே விட்டுவிடுவார். வங்கிக் கணக்கில் உள்ள பெயரோடு ஒத்துப்போனால் எனக்குப் போதும்.