எண்பது அடி தூரம், ஆறு வாரம்

எங்கள் வீட்டு இரண்டாம் கட்டிலிருந்து தோட்டத்து வேப்பமரம் எண்பது அடிகூட இருக்காது. இரண்டு முயல்குட்டிகளை அங்கே குடியமர்த்த எனக்கு ஆறு வாரம் ஆனது. முதல் தடவை ஒரே நாளில் முடித்துவிடப் பார்த்தேன். ஒன்று கையைவிட்டுப் போயிருக்கும்.

காரைக்குடிக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. வீட்டுக்கு எட்டுப் பங்கு, ஆனால் குடியிருப்பது நாங்கள் மட்டும்தான். போன ஆனி மாத நடுவில், மகளின் நச்சரிப்புத் தாங்காமல், முயல் வளர்க்கிற ஒருவரிடம் இரண்டு குட்டி வாங்கினேன். வெள்ளை ஒன்று, சாம்பல் பழுப்பில் ஒன்று. மகள் வைத்த பெயர்கள் பணியாரம், கும்மாயம். ஐந்து வாரக் குட்டிகள், இரண்டும் பெட்டை என்றார் விற்றவர். ஐந்து வாரத்தில் தாயைவிட்டுப் பிரித்திருக்கவே கூடாது, ஆறிலிருந்து எட்டு வாரமாவது ஆகவேண்டும் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. பெட்டை விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

அப்பத்தாவுக்கு இதில் இஷ்டமே இல்லை. "காட்டுல கெடக்குறதப் பிடிச்சாந்து அடைச்சா பாவம்டா, நிக்காது" என்றார். அவர் மனதில் இருந்தது நம் பொட்டல்களில் ஓடுகிற காட்டு முயல். அது வேறு சாதி. கண் திறந்து, உடம்பெல்லாம் மயிரோடு பிறக்கும், வளை தோண்டாது. அதைப் பிடித்து வளர்ப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும்கூட. வீட்டு முயல் கண் மூடி, மயிரில்லாமல், வளைக்குள் பிறக்கிற ஐரோப்பிய முயலின் வழி வந்தது. எவ்வளவு விளக்கினாலும் அப்பத்தா கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை.

முதல் ஒரு மாதம் குட்டிகள் வீட்டுக்குள்தான் இருந்தன. சுண்ணாம்புச் சாந்துச் சுவர், உயரமான கூரை, ஆடி வெயிலிலும் உள்ளே குளுமை. ஆனால் தரையில் பதித்திருக்கிற பூப்போட்ட ஆத்தங்குடிக் கல்லும் முயலும் ஒத்துப்போகாது. முயலின் பாதத்தில் நாய்க்கு இருப்பதுபோல மெத்தைச் சதை கிடையாது, மயிர்தான். வழவழப்பான கல்லில் பின்னங்கால் இரண்டும் பக்கவாட்டில் விரிந்துபோகும். வளர்கிற வயதில் அப்படியே பழகினால் கால் கோணிவிடும். சாக்கு விரித்தேன். சாக்குக்கு வெளியே போய் மூத்திரம் பெய்தன. முயல் மூத்திரத்தில் சுண்ணாம்புச் சத்து அதிகம். காய்ந்தால் வெள்ளையாகப் படியும். எலுமிச்சையோ வினிகரோ போட்டால் கறை போகும், கூடவே கல்லின் பூவும் போகும். போதாததற்குத் தேக்குப் பெட்டகத்தின் காலில் ஒரு மூலையைக் கொறித்துவைத்தது கும்மாயம்.

ஆவணிக் கடைசியில் பெரியப்பா மகனுக்கு அறுபதாங் கல்யாணம். சாந்தி என்போம் அதை. இந்த வீட்டில்தான் நடக்கும். பங்காளிகள் எல்லாரும் வருவார்கள். அதற்குள் முயல்களை வெளியேற்றியாக வேண்டும்.

அவசரத்தில் செய்த காரியம் இது. ஆடிப் பதினெட்டு கழிந்த மறுநாள், மாட்டுக் கொட்டகையில் கிடந்த பழைய கோழிக்கூண்டைக் கழுவி, மரத்தடியில் வைத்து, இரண்டையும் உள்ளே விட்டேன். மேலே தகரம். காலையில் நல்ல நிழல். பதினொன்றரைக்கு நிழல் நகர்ந்துவிட்டது. ஒரு மணிக்கு மகள் கத்திக்கொண்டு ஓடிவந்தாள். பணியாரம் நீட்டி நிமிர்ந்து பக்கவாட்டில் கிடந்தது. தலை பின்னால் சாய்ந்து, மூக்கைச் சுற்றி ஈரம், வயிறு படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. காதைத் தொட்டால் சுட்டது.

முயலுக்கு வியர்க்காது. உடம்புச் சூட்டைக் காது வழியாகத்தான் இறக்கும். 30 டிகிரி தாண்டினாலே அதற்குக் கஷ்டம். நம் ஊரில் அது காலை ஒன்பது மணிக் கணக்கு. தூக்கிக்கொண்டு ஓடிவந்து வளவில், அதாவது வீட்டு உள்முற்றத்தில், கல்தரையில் கிடத்தினோம். மனைவி ஈரத்துணியால் காதை மட்டும் துடைத்துக்கொண்டே இருந்தாள். நான் ஐஸ் தண்ணீரை எடுத்தேன். போனில் பேசிய கால்நடை மருத்துவர் திட்டிவிட்டார். சடாரென்று குளிரவைத்தால் அதிர்ச்சியிலேயே போய்விடுமாம். சாதாரணக் குளிர்ந்த தண்ணீர், காற்று, நிழல், உடனே தூக்கிக்கொண்டு வாருங்கள் என்றார். போனோம். பிழைத்தது.

அன்றைக்கு அவர் சொன்ன ஒரு வார்த்தை முக்கியம். இடத்தை மாற்றும்போது தீனியையும் மாற்றாதீர்கள், ஒன்று முடிந்த பிறகு இன்னொன்று என்றார். எச்சத்தைச் சோதித்துவிட்டு அனுப்பினார். குட்டி முயலுக்கு வருகிற ரத்தக் கழிச்சல் நோய் ஈரமான, அழுக்கான தரையில்தான் வேகமாகப் பரவுமாம். இன்னொன்று: பூச்சிக்கு என்று நாய்க்குத் தெளிக்கிற ஃபிப்ரோனில் மருந்தை முயலுக்குப் போடவே கூடாது, விஷம். என் அலமாரியில் ஒரு பாட்டில் இருந்தது. அன்றே எடுத்துப் பூட்டிவைத்தேன்.

அப்புறம் கூண்டு. ஆசாரியிடம் சொன்னபோது, "முயலுக்கா இவ்வளவு?" என்றார். 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம், தரையிலிருந்து இரண்டரை அடி தூக்கி. கோழிவலை வேண்டாம் என்று நான் ஒற்றைக் காலில் நின்றேன். அது கோழி வெளியே போகாமல் இருக்கத்தான். தெருநாய் பல்லுக்கு நிற்காது. அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ், பற்றவைத்த கெட்டிக் கம்பிவலை, போட்டோம். கீரி தலையை நுழைக்க முடியாது, வளர்ந்த சாரையோ நல்லபாம்போ வர முடியாது. பாம்புக் குட்டி வரலாம்தான், அதற்கு மேல் என்ன செய்ய? கதவுக்குக் கொக்கி மட்டும் போதாது, தாழ்ப்பாளும் வேண்டும். பூனை கொக்கியைத் தட்டித் தட்டியே திறந்துவிடும்.

அடித்தளம் முழுக்க மெஷ் போட்டால் எச்சம் கீழே விழுந்துவிடும், சுத்தம் செய்வது சுலபம். ஆனால் கம்பியிலேயே நிற்கிற முயலுக்குப் பாதத்தில் புண் வரும். அதனால் பாதி மெஷ், பாதி பலகை, பலகையில் காய்ந்த வைக்கோல். ஒரு ஓரத்தில் மூடிய அறை. பயந்தால் ஓடி ஒளிய ஒரு இருட்டு வேண்டும். கூரைக்குத் தகரத்தை எடுத்துவிட்டுக் கீற்று வேய்ந்தோம். நான்கு காலுக்கும் கீழே தண்ணீர்க் கிண்ணம், எறும்பு ஏறாமல் இருக்க. கொசு முட்டையிடாமல் அதில் வேப்பெண்ணெய் ஒரு சொட்டு.

கூண்டுக்கு முன்னால் தரையில் ஓடி விளையாட ஒரு அடைப்பு. வலையைக் குழி தோண்டிப் புதைக்கத்தான் முதலில் நினைத்தேன். எங்கள் மண் செம்புராங்கல் மண். ஒரு அடிக்கு மேல் கடப்பாரை துள்ளுகிறது. அதனால் அடைப்புக்கு வெளிப்பக்கமாக ஒன்றரை அடி அகலத்துக்கு வலையைத் தரையோடு விரித்து, மேலே கல் அடுக்கினோம். நாயோ கீரியோ சுவர் ஓரத்தில்தான் தோண்ட ஆரம்பிக்கும். அங்கே நகம் வலையில் மாட்டும். புதைப்பதைவிட இதுவே மேல் என்று இப்போது தோன்றுகிறது.

தோட்டத்தில் பூசைப் பூவுக்கென்று அப்பத்தா வைத்த அரளி இருந்தது. இலை, பூ, பட்டை எல்லாம் விஷம். வெட்டுகிறேன் என்றதும் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. கடைசியில் அடைப்பை அரளிக்கு எதிர்ப் பக்கம் தள்ளிக் கட்டினேன். வேலியோரத்து எருக்கையும் உன்னிச்செடியையும் பிடுங்கிவிட்டோம். காற்றில் அரளி இலை பறந்து வந்தால்? தினம் காலையில் கூட்டித்தான் ஆகவேண்டும்.

ஆவணி பிறந்ததும் மறுபடி ஆரம்பித்தோம். குட்டிகளுக்கு அப்போது 12 வாரம். முதல் நாள் 20 நிமிடம், காலை ஆறரைக்கு. உள்ளே அவை படுத்திருந்த அதே சாக்கைக் கழுவாமல் கூண்டில் விரித்தேன்; தன் வாடை இருந்தால்தான் முயலுக்கு அது தன் இடம். மூன்று நாள் அப்படியே. பிறகு ஒரு மணி நேரம். பிறகு காலையும் மாலையும். தூக்கும்போது மகளுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லவேண்டியிருந்தது: காதைப் பிடிக்காதே, நெஞ்சுக்கு ஒரு கை, பின்பக்கத்துக்கு ஒரு கை. பின்னங்கால் அந்தரத்தில் தொங்கினால் முயல் உதறும், அந்த உதறலில் அதன் முதுகெலும்பே முறியலாம்.

இரண்டாவது வாரம்தான் தீனியில் கைவைத்தேன். அதுவரை கடைத் தீவனமும், மகள் செல்லமாகக் கொடுக்கிற கேரட்டும். அருகம்புல்லை முதலில் ஒரு பிடி, இரண்டு நாள் கழித்து இரண்டு பிடி. கேரட்டைக் குறைத்தேன். பனியோ மழையோ பட்ட புல்லை அப்படியே போடாமல் நிழலில் உலர்த்திப் போட்டோம். காய்ந்த கடலைக்கொடி இங்கே தாராளமாகக் கிடைக்கும். வாங்கும்போது முகர்ந்து பார்க்கவேண்டும், பூசண வாடை வந்தால் விட்டுவிட வேண்டும். தினமும் எச்சம் பார்ப்பேன். உருண்டையாக, காய்ந்து இருந்தால் சரி. விடிகாலையில் முயல் குனிந்து தன் மென்மையான எச்சத்தைத் தானே தின்னும். அதைப் பார்த்துவிட்டு அப்பத்தா வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனார். அது நோய் இல்லை. அந்தச் சத்து இல்லாமல் அதற்கு முடியாது.

ராத்திரியைக் கடைசிக்கு வைத்திருந்தேன். முதல் ராத்திரி பின்கட்டுத் திண்ணையில் படுத்துக்கொண்டேன். பதினொரு மணிக்கு 'தொம் தொம்' என்று சத்தம். ஆபத்து என்றால் முயல் பின்னங்காலால் தரையை அடிக்கும். டார்ச் அடித்தால் மதில்மேல் பூனை. வலைக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் இரண்டும் இருட்டறைக்குள் ஒட்டிக்கொண்டு நடுங்கின. மறுநாள் முதல் ராத்திரியில் மூன்று பக்கமும் சாக்குத் திரை இறக்கிவிட்டேன். கண்ணுக்குப் பூனை தெரியாவிட்டால் பாதிப் பயம் போய்விடுகிறது. நாலாவது நாளிலிருந்து நான் உள்ளே படுத்தேன்.

பங்காளிகள் வந்தார்கள், சாந்தி நன்றாக நடந்தது. குழந்தைகள் முயல் பார்க்கத் தோட்டத்துக்கு ஓடின. அப்போதுதான் மலேசியாவிலிருந்து வந்த அம்மான் ஒருவர் கும்மாயத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "தம்பி, இது கடாடா." விதை இறங்கிய பிறகுதான் சுலபமாகத் தெரியுமாம். நான்கு மாதத்திலேயே இணையத் தொடங்கிவிடும், சினைக்காலம் ஒரு மாதம்தான், குட்டி போட்ட அன்றே மறுபடி சினைப்பிடிக்கும். கணக்குப் போட்டுப் பார்த்து எனக்கு வயிற்றைக் கலக்கியது. மறுநாளே ஆசாரியைக் கூப்பிட்டு 6 அடிக் கூண்டை நடுவில் வலைத் தடுப்பு வைத்து இரண்டாக்கினேன். முகம் பார்க்கலாம், மூக்கை ஒட்டிக்கொள்ளலாம், அவ்வளவுதான். அடைப்பில் விளையாடவும் முறை போட்டுத்தான் விடுகிறோம்.

தீபாவளிக்கு நான்கு நாள் இரண்டையும் பின்கட்டு அறைக்குக் கொண்டுவந்தோம். வெடிச் சத்தத்துக்கு முயல் இதயம் நின்றே செத்துப்போகலாம். சித்திரை, வைகாசியிலும் பகலில் உள்ளேதான் வைத்திருக்கப் போகிறேன். வெளியே குடிவைத்தாயிற்று என்பதற்காகக் கத்திரி வெயிலில் போட்டுவைக்க முடியாது.

என் கணக்கில் விட்டுப்போனது மழை. கூண்டை வைக்கும்போது வழக்கப்படி கிழக்குப் பார்த்து வைத்திருந்தேன். ஐப்பசியில் வாடைக்காற்றோடு அடித்த முதல் பெருமழையில் சாரல் நேராக உள்ளே போயிற்று. காலையில் பார்த்தால் வைக்கோல் நசநசவென்று, பணியாரத்தின் பின்பக்கமெல்லாம் ஈரம். ஈரத்தில் ஈ முட்டையிட்டால் ஒரே நாளில் புழு வைத்துவிடும். துடைத்து, மயிரை விலக்கி விலக்கிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. அன்று மதியமே நான்கு பேர் சேர்ந்து கூண்டைத் தூக்கித் தெற்குப் பார்த்துத் திருப்பினோம், வடக்கிலும் கிழக்கிலும் கீற்றுத் தட்டி கட்டினோம்.

நேற்று ராத்திரியும் நல்ல மழை. காலையில் வைக்கோலுக்குள் கையைவிட்டுப் பார்த்தேன். கும்மாயத்தின் பக்கம் மூலையில் மட்டும் லேசாக ஈரம். ஒழுகுவது மேலே இருந்தா, பக்கத்திலிருந்தா என்று தெரியவில்லை. ஆசாரி நாளைக்கு வருகிறேன் என்றிருக்கிறார்.