இடது முழங்கால்

ஜூன் 3

வீக்கம் இன்னும் வடியவில்லை. பத்மாசனத்துக்காக இடது பாதத்தைத் தூக்கி வலது தொடைமேல் வைத்த நொடியில் முழங்காலின் உட்பக்கத்தில் எழுந்த ‘மளுக்’ என்ற ஒலி, விளக்கணைத்த பின்பும் காதில் இருக்கிறது. 16 ஆண்டுகளாக இட்டு வரும் ஆசனம்.

ஜூன் 4

படியேற முடிகிறது, இறங்கத்தான் முடியவில்லை.

ஜூன் 6

பிசியோதெரபிஸ்ட் முழங்காலைத் தொடும் முன்பு இடுப்பைச் சோதித்தார். குப்புறப் படுக்கச் சொல்லி, முழங்காலைச் செங்குத்தாக மடக்கி, கீழ்க்காலை இரு பக்கமும் சாய்த்துப் பார்த்தார். வெளிப்பக்கம் தாராளமாகச் சாய்ந்தது. அப்போது தொடையெலும்பு உள்நோக்கிச் சுழல்கிறது என்றார். உட்பக்கமாகச் சாய்த்தபோது பாதியிலேயே நின்றுவிட்டது. பத்மாசனத்துக்கு வேண்டியது தொடை வெளிநோக்கிச் சுழலும் இந்த இரண்டாவது சுழற்சிதான். தசை இறுகியிருந்தால் ஓர் இழுவை தெரியும். எனக்கு இழுவையே இல்லை, உள்ளே எதிலோ முட்டி நின்றதுபோல் இருந்தது.

ஜூன் 7

அவர் மேசையில் இருந்த பிளாஸ்டிக் தொடையெலும்பு நினைவைவிட்டு அகலவில்லை. அது நேரான கம்பு அன்று. இடுப்புக் கிண்ணத்தில் பொருந்தும் பந்தைத் தாங்கும் கழுத்து, எலும்பின் தண்டோடு ஏறத்தாழ 125 பாகைக் கோணத்தில் சேர்கிறது. முழங்காலின் அச்சோடு ஒப்பிட்டால் சற்று முன்னோக்கித் திருகியும் இருக்கிறது. பிறக்கும்போது 30, 40 பாகை வரை இருக்கும் அந்தத் திருகல் வளர வளரக் குறைந்து, பெரியவர்களிடம் 15 பாகையை ஒட்டி நிற்கிறது என்றாலும், ஆளுக்கு ஆள் பெரிதும் வேறுபடுகிறது. திருகல் மிகுந்தவருக்குத் தொடை உள்நோக்கி எளிதாகச் சுழலும், வெளிநோக்கிக் குறைவாகவே சுழலும். அம்மாவிடம் கேட்டேன். சிறுவயதில் நான் சம்மணமிட மறுத்து, இரு பாதங்களையும் பக்கவாட்டில் ஒதுக்கி நடுவில் உட்காருவேனாம். பாட்டி அதட்டித் திருத்துவாராம்.

இடுப்பு தராத சுழற்சியை, பாதத்தைக் கையால் இழுத்து, முழங்காலிலிருந்து வாங்கிக்கொண்டிருந்திருக்கிறேன். முழங்கால் பெரும்பாலும் கதவுக்கீல் போன்ற மூட்டு. மடங்கிய நிலையில் சிறிது சுழலும், அவ்வளவே. அதற்குமேல் திருகினால், தொடையெலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் நடுவே பிறைவடிவில் கிடக்கும் மெனிஸ்கஸ் என்னும் குருத்தெலும்பு நசுங்குகிறது.

ஜூன் 8

என் யோகா வகுப்பில், உள்ளங்கால்களைச் சேர்த்து முழங்கால்களைப் பக்கவாட்டில் விரிக்கும் பத்தகோணாசனத்தில் எத்தனை பேருடைய தொடைகளை இந்தக் கைகளால் தரையை நோக்கி அழுத்தியிருக்கிறேன்! முதல் வரிசையில் அமரும் அம்மையார், தம் முழங்கால் தரையைத் தொடாததற்காக ஒவ்வொரு வகுப்பின் முடிவிலும் என்னிடம் வருத்தம் தெரிவிப்பார். இன்னும் பயிற்சி வேண்டும் என்றே நான் சொல்லிவந்தேன்.

ஜூன் 10

உட்கார்ந்தபடி முதுகைப் பக்கவாட்டில் திருப்பும் அர்த்த மத்ஸ்யேந்திராசனத்திலும் இதே தவறு. “இடுப்பிலிருந்து திரும்புங்கள்” என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கீழ்முதுகின் 5 முள்ளெலும்புகளை இணைக்கும் சிறுமூட்டுகள் குனியவும் நிமிரவும் இடம்கொடுக்கும். திரும்புவதற்கோ ஒவ்வொன்றும் ஓரிரு பாகைக்குமேல் விடாது. முதுகின் திருப்பத்தில் பெரும்பகுதி விலா எலும்புகள் பொருந்திய 12 முள்ளெலும்புகளில்தான் நிகழ்கிறது. நான் காட்டிய இடம் வேறு, திரும்பும் இடம் வேறு.

ஜூன் 11

நாளை காலை 7 மணிக்கு எம்.ஆர்.ஐ.

ஜூன் 12

முடிவு வர இரண்டு நாளாகுமாம். குழாய்க்குள் அசையாமல் கிடந்தபோது முழங்காலை விட அந்த அம்மையாரின் முகமே அதிகம் நினைவில் வந்தது.

ஜூன் 13

அவரை வரச்சொன்னேன். குப்புறப் படுக்கவைத்து, முழங்காலை மடக்கி, கீழ்க்காலை மெல்ல உட்பக்கம் சாய்த்தேன். என்னுடையதைப் போலவே பாதி வழியில் நின்றது. மடித்த போர்வையின்மேல் உட்காரவைத்து, தொங்கிய தொடைகளின் கீழ் பக்கத்துக்கொரு தலையணையாக இரண்டைக் கொடுத்தேன். முழங்கால் எப்போது தரையைத் தொடும் என்று கேட்டார். தொட வேண்டியதில்லை என்றேன். அவர் நம்பவில்லை. அந்தப் பிளாஸ்டிக் எலும்பை நாளை இரவல் கேட்க வேண்டும்.