இருபதில் மூன்று

"இது பிரிண்ட்தானே, ஒரிஜினல் என்ன விலை?"

பத்து வருடமாக அச்சோவியம் செய்கிறேன். இந்தக் கேள்வி வராத கண்காட்சி ஒன்றுகூட இல்லை. கேட்பவர்கள் மேல் தப்பில்லை. நம் ஊரில் பிரிண்ட் என்றால் தெருமுனைக் கடையில் சில்லறை கொடுத்து எடுப்பது. நான் லினோவில், அதாவது தரைவிரிப்புக்குப் பயன்படும் லினோலியத் துண்டில் செதுக்கி, மை ஏற்றி, தாள் தாளாகக் கையால் தேய்த்து எடுப்பதற்கும் அதே பெயர்தான். ஒரிஜினல் என்று தனியாக எதுவும் கிடையாது. லினோவில் இருப்பது படமே அல்ல, இடவலம் மாறிய மேடு பள்ளம். தாளில் விழுந்தால்தான் படம்.

அந்த இடவலத்தை முதல் நாளே அவமானப்பட்டுத்தான் கற்றேன். 'மழை' என்று பெரிதாகச் செதுக்கினேன், திருப்பிப் போட மறந்து. தாளில் 'ம' கடைசிக்குப் போய்விட்டது. ழகரத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய ஐகாரக் கொம்பு பின்னால் நின்றது. 'ப' மாதிரி ஓரிரு எழுத்துகள்தான் இந்த விபத்தில் பிழைக்கும். ஆசிரியர் தாளை வாங்கிப் பார்த்து, "பரவாயில்லைம்மா, கண்ணாடியில காட்டினா சரியாத்தான் இருக்கும்" என்றார். வகுப்பே சிரித்தது.

எட்சிங்கும் கற்றேன். ஜிங்க் தகட்டை நைட்ரிக் அமிலத்தில் போட்டு அரிக்க விடும் வேலை. அந்த நெடி எனக்கு ஒத்துவரவில்லை. கல்லில் வரைந்து அச்செடுக்கும் லித்தோ பிடித்திருந்தது, ஆனால் அந்தக் கல்லைத் தூக்கிக்கொண்டு வாடகை வீட்டு மாடி ஏற முடியாது. 1796 வாக்கில் அதைக் கண்டுபிடித்த செனெஃபெல்டர் ஒரு நாடக ஆசிரியர். தன் நாடகங்களை மலிவாக அச்சடிக்க வழி தேடியவர், அவசரத்துக்குச் சலவைக் கணக்கைக் கல்லில் எழுதப்போய் யோசனை பிறந்தது என்று கதை. செலவைக் குறைக்கப் பிறந்த கலை என்பதால் எனக்கு அவர் மேல் தனிப் பாசம்.

வீட்டில் பிரஸ் கிடையாது. மொட்டைமாடி வெயிலில் பத்து நிமிடம் லினோவை வைத்தால் இளகிவிடும், உளி வெண்ணெயில் போவதுபோலப் போகும். தேய்க்க அம்மாவின் எவர்சில்வர் கரண்டி. குழிவின் பின்புறத்தால் வட்டவட்டமாகத் தேய்க்க வேண்டும். மை பதம் வந்ததா என்று கண்ணைவிடக் காதுதான் சரியாகச் சொல்லும். உருளை ஓடும்போது சன்னமாகச் சரசரவென்று கேட்டால் சரி. ஈரமாக 'சப்சப்' என்று கேட்டால் மை அதிகம், நுணுக்கமான கோடுகள் எல்லாம் அடைத்துக்கொள்ளும். இந்தக் காது எனக்கு வர இரண்டு வருடம் ஆனது.

விற்கத் தொடங்கியபோது ஒரு படம் 300 ரூபாய் என்று வைத்தேன். தாள், மை, பஸ் டிக்கெட் எல்லாம் கூட்டித்தான் போட்டேன். இருபது நல்ல பிரதிக்கு இருபத்தேழு தாள் ஆகும் என்பதையும், என் முதுகையும் அதில் சேர்க்கவில்லை. விற்றால் பணம் என்று ஒரு கடையில் பன்னிரண்டு படம் கொடுத்தேன். நாற்பது சதவீதம் அவர்களுக்கு. ஏழு மாதம் கழித்து ஐந்துக்குப் பணம் வந்தது, மீதி ஏழும் வெயில் பட்டு ஓரம் பழுத்துத் திரும்பி வந்தன. அப்புறம் கடைப் பக்கம் போகவில்லை. சந்தைகளில் மேஜை போட்டு, ஆட்கள் முன்னாலேயே மை தடவி ஒன்று எடுத்துக் காட்டுவேன். லினோவிலிருந்து தாள் உரிந்து வருவதைப் பார்த்தவர்கள் ஒரிஜினலைப் பற்றிக் கேட்பதில்லை.

ஆனால் கீழே பென்சிலால் 3/20 என்று எழுதுவதைப் பற்றிக் கேட்பார்கள். இருபதில் மூன்றாவது, இருபத்தொன்று வராது. உலோகத் தகட்டில் ஊசியால் கீறும் டிரைபாயிண்டில் கோட்டின் பிசிறு சீக்கிரம் தேய்ந்துவிடும், அங்கே எண்ணிக்கையைத் தகடே முடிவு செய்யும். லினோ அப்படியல்ல, நூறு இருநூறு தாராளமாகத் தரும். அதனால் அந்த இருபது என் வாய்ச்சொல் மட்டும்தான்.

அந்த வாய்ச்சொல்லுக்கும் ஒரு நாள் சோதனை வந்தது. வேப்பமரத்தடி இஸ்திரி வண்டிப் படத்தில் பதினேழு விற்றிருந்தது. கல்யாணத் தாம்பூலப் பையில் போட அதே படம் 150 வேண்டும் என்று ஒருவர் கேட்டார். என் மூன்று மாத வாடகை. லினோ அலமாரியில்தான் இருக்கிறது, யாருக்குத் தெரியப்போகிறது? அன்றிரவு தூக்கம் சரியாக வரவில்லை. ஏற்கெனவே வாங்கிய பதினேழு பேரில் நான்கு பேர் என் ஆரம்ப நாட்களில் பேரம் பேசாமல் வாங்கியவர்கள். காலையில் அவருக்குப் போன் செய்து, பெண் வீட்டு முற்றத்துப் பவழமல்லியை அஞ்சலட்டை அளவில் புதிதாகச் செதுக்கித் தருகிறேன், எண் போடாமல், விலையும் குறைவாக என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, சரி என்றார். இஸ்திரி வண்டி லினோவின் குறுக்கே உளியால் ஒரு கோடு இழுத்தேன். கை கூசியது.

ஐப்பசி மாதம், நல்ல அடைமழை. எண்ணெய் மை காயவே மாட்டேன் என்றது. கூடத்தில் ஐந்து கொடி கட்டி 150 அட்டைகளையும் கிளிப் போட்டுத் தொங்கவிட்டேன். அப்பா ஒன்பது நாள் குனிந்தே டிவி பார்க்கப் போனார். துணி காயப்போட இடமில்லை என்று அம்மா தினமும் திட்டினாள். பத்தாம் நாள் விரல் வைத்தேன், ஒட்டவில்லை. அம்மாதான் கழற்றி அடுக்கிக் கொடுத்தாள். பாதியில் நிறுத்தி, ஒரு அட்டையைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோய்க் கேட்டாள்: "ஏண்டி, இதுல நம்பர் போட மறந்துட்டியா?"